தொண்ணூற்றைந்து ஆண்டும் ஒரு பிடி மண்ணும்

பாளையங்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவரை நிறுத்திக் கேளுங்கள் தோழர்களே, "வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது அண்ணாச்சி?" என்று. பாளையங்கால்வாயில் வருகிறது என்பார். கால்வாய்க்கு? பழவூர் அணைக்கட்டிலிருந்து. அணைக்கட்டுக்கு? தாமிரபரணியிலிருந்து. தாமிரபரணிக்கு? பொதிகை மலையிலிருந்து என்பார்; கேளாமலே அகத்தியரையும் தென்றலையும் சேர்த்துக் கொள்வார். அதற்கு மேல் கேட்டால் அவருக்கும் தெரியாது. நமக்கும் நெடுநாள் தெரியாதிருந்தது. அந்த மலையிலே, மணிமுத்தாறு பிறக்கும் சரிவுகளிலே, நான்கு தலைமுறையாக மனிதர்கள் வாழ்ந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், பிணம் புதைத்தார்கள், வாக்களித்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவர் பேரில்கூட ஒரு சென்ட் நிலத்துக்குப் பட்டா கிடையாது. அந்த ஊரின் பெயர் மாஞ்சோலை.

ஊர்களின் வரலாறு எழுதுகிறவர்கள் உண்டு. கோயில் கல்வெட்டிலே தொடங்குவார்கள். மன்னன் தந்த மானியம், மடத்துக்கு விட்ட தேவதானம், மிராசுதார் வெட்டிய வாய்க்கால் என்று அடுக்குவார்கள். தாமிரபரணிக் கரையில் அப்படி எழுதத் தக்க ஊர்கள் ஏராளம். ஆனால் மாஞ்சோலையின் வரலாற்றைக் கல்வெட்டிலே தேட முடியாது. அதை ஒரு குத்தகைப் பத்திரத்தில் தேட வேண்டும். சம்பளப் பட்டியலில் தேட வேண்டும். கொக்கிரகுளத்து ஆற்று மணலிலே தேட வேண்டும். அதைத்தான் இங்கே சற்று விரித்துச் சொல்லப் புகுந்தோம்.

முதலில் மலையடிவாரத்தைப் பார்ப்போம். அடிவாரம் விளங்கினால்தான் மலை விளங்கும்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கு வற்றாத வளமுடையது என்று பாடாதார் இல்லை. எட்டு அணைக்கட்டுகள், அவற்றின் கீழே எண்பத்தாறாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம், கார் ஒன்று, பிசானம் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு போகம். மறுக்கவில்லை. ஆனால் அந்த வளம் யார் வீட்டுக் குதிருக்குப் போயிற்று? நஞ்சை நிலம் மிராசுதாரர் கையிலும், கோயிலின் கையிலும், ஆதீனங்களின் கையிலும் இருந்தது. நாற்றுப் பிடுங்கியவளும் நட்டவளும், பரம்படித்தவனும் கதிர் அறுத்தவனும் சேரியில் இருந்தார்கள். களத்து மேட்டிலே நெல் குவியும். கூலியாக மரக்கால் கணக்கிலே அளந்து போடுவார்கள். ஒரு போகம் முடிந்து அடுத்த போகம் வரும்வரை வயிற்றுக்கு என்ன வழி என்று எந்தக் கணக்கிலும் எழுதியிராது. குடியிருக்கும் குடிசையின் அடிமண்கூடப் பண்ணையாருடையது. வாய்திறந்து ஒரு சொல் அதிகம் பேசினால் வேலையும் போகும், குடிசையும் போகும்.

ஆகவேதான் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கப்பல் வந்ததும் திருநெல்வேலிச் சீமையின் ஏழைகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு நடந்தார்கள். இலங்கையின் காப்பித் தோட்டத்துக்குப் போனார்கள். காப்பி நோய் கண்டு அழிந்து தேயிலை வந்த பின்னும் போனார்கள். பர்மாவுக்குப் போனார்கள், மலாயாவுக்குப் போனார்கள். கூலி அதிகம் என்பதற்காக மட்டுமா போனார்கள்? கடலுக்கு அப்பால் போனால் தோளில் துண்டு போடலாம்; காலில் செருப்புப் போடலாம்; எதிரே வருகிறவரைக் கண்டு வரப்பிலிருந்து இறங்க வேண்டாம். அந்த நம்பிக்கையும் சேர்ந்துதான் அவர்களைக் கப்பலேற்றியது.

அப்படி வெளிநாட்டுக்கு ஆள் பிடித்த அதே கங்காணி முறை, 1929க்குப் பிறகு கடல் கடக்காமல் மலை ஏறியது.

மலை சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தம். திருவிதாங்கூர் அரசுரிமைப் போரிலே மார்த்தாண்ட வர்மாவுக்குத் துணை நின்றதற்குப் பரிசாக அந்தக் காடுகள் சிங்கம்பட்டிக்குக் கிடைத்தன என்பது ஜமீன் வழக்கிலே சொல்லப்படும் கதை. கதை எப்படியானால் என்ன? வெட்டாத காடும் ஏறாத மலையும் ஜமீன்தார் உடைமை ஆயின. அந்த உடைமை கம்பெனிக்குப் போன விதத்துக்கும் ஊரிலே ஒரு கதை உண்டு. 1919இல் சென்னையில் ஜமீன் வாரிசுகள் படித்த நியூயிங்டன் விடுதியிலே, தலைமை ஆசிரியராக இருந்த டி லா ஹே என்ற வெள்ளையர் சுட்டுக் கொல்லப்பட்டார். கடம்பூர், சிங்கம்பட்டி ஆகிய இரண்டு ஜமீன்களின் பிள்ளைகளும் அந்த வழக்கிலே சிக்கினார்கள். வழக்கு பம்பாய்வரை போயிற்று; விடுதலையில் முடிந்தது. விடுதலை வாங்கக் கொட்டிய பணம்தான் ஜமீனைக் கடனில் ஆழ்த்தியது, கடன்தான் மலையைக் குத்தகைக்கு விடவைத்தது என்பது இன்றும் அம்பாசமுத்திரம் பக்கத்திலே டீக்கடைப் பேச்சு. அதை நாம் நிரூபிக்கப் புறப்படவில்லை. ஆனால் குத்தகை உண்மை. 1929 பிப்ரவரி 12ஆம் நாள் 8,373 ஏக்கர் மலைக்காடு 99 ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. எழுதி வாங்கியது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன்.

இந்தக் கம்பெனியைச் சாதாரணக் கம்பெனி என்று எண்ணிவிடக் கூடாது. 1863இல் வாலஸ் சகோதரர்கள் என்னும் வெள்ளை வணிகர் தொடங்கியது. பர்மாவின் தேக்கங்காடுகளிலே மரம் வெட்டியது. வெட்டிய மரத்துக்குச் சரியாகக் கணக்குக் காட்டவில்லை என்று பர்மிய அரசு 1885இல் பெரும் அபராதம் விதித்தது. அபராதம் விதித்த அரசனுக்கு என்ன ஆயிற்று? பிரிட்டிஷ் படை ஐராவதி ஆற்றிலே ஏறிப் போயிற்று, மாண்டலே விழுந்தது, தீபா மன்னன் முடியிழந்து, இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ரத்தினகிரியிலே சிறைவாசியாகவே செத்தான். ஒரு கம்பெனியின் மரக்கணக்கைத் தட்டிக் கேட்டதற்கு ஒரு நாடே விலை கொடுத்தது. அப்படிப்பட்ட கம்பெனியோடு சிங்கம்பட்டி ஜமீன் குத்தகை எழுதிக் கொண்டது. அந்தப் பத்திரத்தை முன்னே வைத்துப் பேசும் ஆற்றல் அந்த மலையில் கூலிக்கு ஏறியவனுக்கு எங்கே இருந்திருக்கும்?

கங்காணிகள் சேரிகளுக்கு வந்தார்கள். முன்பணம் கொடுத்தார்கள். மலைமேல் கஞ்சிக்குப் பஞ்சமில்லை, வீடு கொடுப்பார்கள், வாரம் தவறாமல் படி கிடைக்கும் என்றார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மலைக்கு மறுபுறமான கேரளப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஏறினார்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். அடர்ந்த மழைக்காடு, அட்டை, காய்ச்சல், யானை. கோடரிதான் கருவி, தலைச்சுமைதான் வண்டி. மரத்தை வீழ்த்தினார்கள், வேரைக் கெல்லினார்கள், சரிவிலே வரிசை பிடித்துக் குழி தோண்டினார்கள், நாற்று நட்டார்கள். தேயிலைச் செடி நட்டவுடன் கொழுந்து தராது. மூன்று நான்கு ஆண்டு வளர்த்து, வெட்டி, பரப்பி, இடுப்பளவுக்கு நிறுத்தினால்தான் பறிக்கலாம். அந்த மூன்று நான்கு ஆண்டிலே மண்ணுக்குள் போனவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டிலும் தலைப்பு இல்லை. இப்படித்தான் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஐந்து குடியிருப்புகள் எழுந்தன. பேருந்திலே போகிறவர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "அடடா, பச்சைக் கம்பளம்!" என்கிறாரே, அந்தக் கம்பளத்தை நெய்தவர்கள் இவர்கள்.

வேலை எப்படிப்பட்டது? ஆலையிலே நூல் நூற்கும் நம் தோழர்களும், அச்சகத்திலே எழுத்துக் கோக்கும் நம் தோழர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

விடியுமுன் சங்கு ஊதும். பிரட்டுக்களத்திலே பெயர் கூப்பிடுவார்கள். பெயர் கூப்பிடும்போது இல்லையென்றால் அன்று அரைக்கூலியோ, கூலியே இல்லையோ. பெண்கள் முதுகிலே கூடை மாட்டிக்கொண்டு மலைச் சரிவிலே நிரை பிடிப்பார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள வேண்டும். முற்றிய இலை கலந்தால் மேற்பார்வை செய்கிறவன் திட்டுவான். நிரையை விட்டு முன்னே போனாலும் திட்டுவான், பின்தங்கினாலும் திட்டுவான். நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டிலேயே மிகுதியாக மழை பதிவாகும் இடங்களிலே சேர்ந்தவை. அந்த மழையிலே தலைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு, காலிலே அட்டை கடிக்கக் கடிக்கப் பறிக்க வேண்டும். நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு. குறைந்தால் கூலி குறையும். மழையிலே நனைந்த கொழுந்துக்கு ஈரக் கழிவு என்று எடையிலே பிடிப்பது தேயிலைத் தோட்டங்களிலே பழைய வழக்கம். மழை பெய்ததற்கும் தண்டம் பறித்தவளுக்குத்தான். ஆண்களுக்குக் கவாத்து வெட்டுவது, மருந்தடிப்பது, உரம் சுமப்பது, தொழிற்சாலை வேலை. கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, சூட்டிலே உலர்த்தி, சலித்துத் தரம் பிரித்தால் தேயிலைத் தூள். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போக வேண்டும். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக் கடையிலே நாம் குடிக்கும் ஒரு கிளாஸ் டீக்குப் பின்னால் எத்தனை கிள்ளு என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

ஊத்துத் தேயிலை, இரசாயன உரமில்லாத இயற்கைத் தேயிலை என்று பேர் வாங்கிக் கடல் கடந்து போனது. பறித்தவள் வீட்டிலே காய்ந்தது கடைத்தூள். இதிலே வியப்பில்லை, நெல் விளைந்த ஊரிலே நட்டவள் வீட்டில் கஞ்சி காய்ந்தது போலத்தான்.

இனி வீட்டைப் பற்றி. இதுதான் மாஞ்சோலை வரலாற்றின் மையம் என்பது நம் கருத்து. கூலியைவிட, மழையைவிட, அட்டையைவிட.

வீடு என்றால் லயன் வீடு. ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், இடையிடையே தடுப்பு. தடுப்புக்கு ஒரு குடும்பம். கம்பெனி கட்டியது. 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் குழந்தைகள் காப்பகமும் தருவது முதலாளியின் கடமை என்று எழுதினார்கள். நல்ல சட்டம்தான்; போராடிப் பெற்ற சட்டம். ஆனால் அதிலே ஒரு முடிச்சு இருந்தது. வீடு தொழிலாளிக்கு உண்டு; தொழில் உள்ளவரைக்கும் உண்டு. ஓய்வு பெற்றால்? வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்து எங்கே போவது? பிறந்தது இங்கே. வளர்ந்தது இங்கே. தாத்தா விட்டுவந்த சேரியிலே இடமும் இல்லை, அடையாளம் சொல்ல ஆளும் இல்லை. ஆகவே மகனையோ மகளையோ மருமகளையோ பேர் பதிய வைத்தார்கள். பேர் பதிந்தால் வீடு நிலைக்கும். வீடு நிலைத்தால் கிழவனும் கிழவியும் அடுப்பங்கரையிலே ஒதுங்கியிருக்கலாம். மகன் பேருக்குப் பின் பேரன் பேர்.

கம்பெனி விலங்கு பூட்டவில்லை, வேலி போடவில்லை, ஆள் விட்டுப் பிடித்து இழுக்கவில்லை. வீட்டைக் கொடுத்தது, வீட்டுக்காகத் தலைமுறை தலைமுறையாக வேலையாள் தானே விளைந்தான். புதிய ஆள் பிடிக்கக் கங்காணிக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய செலவும் மிச்சம். பண்ணையார் குடிசையின் அடிமண்ணைத் தன் கையில் வைத்திருந்தானே, அதே மந்திரம்தான் மலைமேலும். வரப்பிலிருந்து தப்பி ஏறியவன், லயனிலே போய் விழுந்தான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அந்த மக்களுக்கு நாம் அநீதி செய்தவராவோம். மலைமேல் அவர்கள் ஓர் ஊரை உண்டாக்கினார்கள். கீழே மேலத்தெரு, கீழத்தெரு, அக்கிரகாரம், சேரி. மேலே ஒன்றாம் லயன், இரண்டாம் லயன். ஒரு சுவருக்கு இப்பால் ஒரு சாதி, அப்பால் வேறொரு சாதி; சுவரோ ஒரு முழம். கோயில் எழுப்பினார்கள், மாதா கோயில் எழுப்பினார்கள், பள்ளிவாசல் எழுப்பினார்கள். மூன்றுக்கும் ஒரே கூட்டம்தான் போயிற்று. பள்ளிக்கூடம், மருத்துவமனை, அஞ்சலகம், ரேஷன் கடை, வாக்குச்சாவடி எல்லாம் வந்தன. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப் பெட்டி மலை ஏறியது. நம்மைப் போன்ற கட்சிக்காரர்களும் பெட்டிக்கு முன்பே ஏறினோம்! சிங்கம்பட்டிக் காட்டில் ஒரு குடியரசு போலத்தான் இருந்தது, பட்டா ஒன்று தவிர.

நெல்லைச் சீமையிலே அறிமுகமில்லாத இருவர் சந்தித்தால் முதல் கேள்வி, "எந்த ஊரு?" இரண்டாவது கேள்வி, "ஊருல எந்தத் தெரு?" இரண்டாவது கேள்விக்கு உள்ளே என்ன கேள்வி ஒளிந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாதா? மாஞ்சோலைப் பிள்ளை அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டது கீழே இறங்கிக் கல்லூரியிலே சேர்ந்த பிறகுதான்.

இடையிலே ஒரு பெரிய மாற்றம் வந்தது. வந்தும் வராமற் போயிற்று. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1952இல் சிங்கம்பட்டி ஜமீனும் அரசின் கைக்கு வந்தது. உழுதவனுக்கு நிலம் என்று மேடைதோறும் முழக்கம். ஜமீன்தார் போனார், குத்தகை போயிற்றா? இல்லை. நேற்றுவரை ஜமீனுக்குக் குத்தகைதாரராக இருந்த கம்பெனி, மறுநாள் அரசுக்குக் குத்தகைதாரர். எசமானுக்கு எசமான் மாறினான்; கொழுந்து பறித்தவளுக்கு நிரை மாறவில்லை. அன்றைக்கே, லயன் வீட்டின் அடிமண்ணை மட்டுமாவது, தோட்டத்தைக்கூட அல்ல, வீட்டு அடிமண்ணை மட்டும், குடியிருப்பவர் பேரில் எழுதியிருந்தால் இந்த வரலாறு வேறாக இருந்திருக்கும். எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பின் எத்தனையோ கட்சி ஆண்டது, எத்தனையோ முதலமைச்சர் வந்தார். தோன்றவில்லை. இதிலே பிற கட்சியைச் சுட்டி நம் கையைக் கழுவிக்கொள்ள நாம் எழுதவில்லை.

இலங்கை மலையகத் தமிழர் கதையும் இதுவே. லயனிலே பிறந்து லயனிலே செத்தவர்களை 1948இல் குடியுரிமையற்றவர்கள் ஆக்கினார்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை தரவே 1968இல் நீலகிரியிலே அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் டான்டீ ஆயிற்று. இந்தப் பெயரை மனத்திலே வையுங்கள், திரும்ப வரும்.

இனி 1999. எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் மாஞ்சோலை வரலாறு இல்லை.

கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள் தோட்டத் தொழிலாளர். போராடியவர்கள் சிறைக்குப் போனார்கள், 652 பேர். அவர்களை விடுதலை செய், கூலியை உயர்த்து என்று மனுக் கொடுக்க, 1999 ஜூலை 23ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் திருநெல்வேலியிலே ஊர்வலமாக வந்தார்கள். 1843இலே சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டித் திறந்த பாலம் இருக்கிறதல்லவா, அதைத் தாண்டினால் பாளையங்கோட்டைக் கரை. கரையிலேயே கொக்கிரகுளத்திலே கலெக்டர் ஆபீஸ். மலையிலிருந்து வருகிறவன் மனுவை நீட்ட வேண்டிய இடம். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் ஆறு, நடுவிலே மனிதர்கள். தடியடி நடந்தது. ஓட இடமில்லாதவர்கள் ஆற்றிலே இறங்கினார்கள். பதினேழு பேர் செத்தார்கள். பெண்கள் இருந்தார்கள், ஒரு பச்சைக் குழந்தை இருந்தது. நீதிபதி மோகன் தலைமையிலே விசாரணைக் கமிஷன் அமைந்தது, அறிக்கை வந்தது. ஆண்டுதோறும் ஜூலை 23இலே பல கட்சிக்காரர்கள் வந்து ஆற்றிலே மலர் தூவுகிறார்கள்.

மணிமுத்தாறாகப் பிறந்து தாமிரபரணியிலே கலந்து கொக்கிரகுளத்துக்கு வருகிற தண்ணீர் அது. அவர்கள் வீட்டு வாசலிலே பெய்த மழை அது.

அதற்குப் பின் சட்டங்களின் அணிவகுப்பு. 1988இலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 2007இலே அதன் மையப் பகுதி புலிகளின் முக்கிய வாழிடம் என்று அறிவிப்பு. 2018இலே சிங்கம்பட்டி ஜமீன் காடுகள் காப்புக்காடு என்று அறிவிப்பு. குத்தகை 2028 பிப்ரவரியிலே முடியும். அதன் பின் அது காடு, காடு மட்டுமே.

காட்டை நாம் எதிர்க்கிறோமா? இல்லை. அந்தக் காடு இல்லாவிட்டால் தாமிரபரணி இல்லை. தாமிரபரணி இல்லாவிட்டால் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கத் தண்ணீரின்றித் தவிக்கும். பழவூர் அணைக்கட்டிலே கால்வாய்க்குத் தண்ணீர் ஏறாது. தேயிலை நட்ட சரிவு மீண்டும் மழைக்காடாவது நாட்டுக்கு நன்மையே. இதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கமில்லை. நாம் கேட்பது வேறு. காட்டை அழிக்கக் கையெழுத்துப் போட்டவர் யார்? அழித்த மண்ணிலே இலாபம் எடுத்தவர் யார்? காட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளிலே வீட்டை இழப்பவர் யார்? முதலிரண்டு கேள்விக்கும் ஒரு விடை. மூன்றாவதற்கு மட்டும் வேறு விடை என்றால் அந்தக் கணக்கிலே எங்கோ பிழை இருக்கிறது.

கம்பெனி குத்தகை முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. 2024 கோடையிலே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்தது. "விருப்பம்" என்ற சொல்லுக்கு அகராதியிலே புதுப்பொருள் எழுத வேண்டும்! கையெழுத்துப் போட்டால் பணிக்கொடையோடு கூட ஒரு தொகை. போடாவிட்டால் தோட்டமே மூடல். ஜூன் மாதத்தோடு கொழுந்து பறிப்பு நின்றது. ஆகஸ்ட் 7க்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். ஐந்நூறுக்கு மேற்பட்ட தொழிலாளர். அவர்களோடு கிழவர், குழந்தை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை.

மக்கள் மன்றம் ஏறினார்கள். டான்டீ எடுத்து நடத்தட்டும் என்று கேட்டார்கள். இலங்கையிலிருந்து வந்த தமிழனுக்காக உண்டான அரசுத் தோட்டம், இங்கேயே இருந்த தமிழனை ஏற்காதா என்பது நியாயமான கேள்வி. ஆனால் டான்டீயோ தன் நிலத்திலேயே 2,152 எக்டேரை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க 2022இல் அரசாணை ஆகியிருந்தது. காப்புக்காட்டிலே புதிதாகத் தோட்டம் எடுக்க முடியாது என்று அரசு சொல்லிவிட்டது.

வன உரிமைச் சட்டம் என்று இன்னொரு கதவையும் தட்டினார்கள். 2006இலே வந்த சட்டம் அது. பழங்குடி அல்லாதவர், காட்டிலே வாழ்ந்தவர் என்று உரிமை கேட்டால், 2005 டிசம்பர் 13க்கு முன்பு மூன்று தலைமுறை, அதாவது எழுபத்தைந்து ஆண்டு, அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள் தோழர்களே: 1930 டிசம்பர். குத்தகை எழுதியது 1929 பிப்ரவரி. முதல் கோடரியோடு ஏறியவன் பேரனுக்கு மயிரிழையிலே வாசல் திறக்கிறது. இரண்டாண்டு பிந்தி ஏறியவன் பேரனுக்கு மூடுகிறது. முதலாமவன்கூட எதைக் காட்டி நிரூபிப்பான்? பேர்ப் பதிவேடு கம்பெனியின் அலமாரியிலே. அதுவும் போதாது, பிழைப்புக்குக் காட்டை நம்பி வாழ்ந்தவனாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கம்பெனியிலே கூலி வாங்கியவன் காட்டை நம்பியவன் ஆவானா என்று மடக்கினார்கள். காட்டை வெட்டச் சொல்லிக் கூலி கொடுத்தவன் அங்கே 99 ஆண்டு உரிமையோடு இருந்தான். கூலி வாங்கியது மட்டும் உரிமைக்குத் தடையாம்!

2024 டிசம்பர் தொடக்கத்திலே உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. தோட்டத்தை அரசு ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கை தள்ளப்பட்டது. மறுவாழ்வுக்கு அரசு சொன்ன ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்றாயிற்று. ஏற்பாடு என்ன? மணிமுத்தாற்றிலே வீடுகள், பாளையங்கோட்டைக்குப் பக்கத்திலே ரெட்டியார்பட்டியிலே அடுக்குமாடிக் குடியிருப்பு.

அடுக்குமாடி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கதவு பூட்டும் வீடு, தன் பேரில் உள்ள வீடு, நான்கு தலைமுறைக்குப் பின் முதன்முதலாகக் கிடைக்கும் வீடு. அதன் மதிப்பை லயனிலே வாழ்ந்தவர்தாம் அறிவார். ஆனால் வீடு கொடுத்தவர்கள் வேலை எங்கே என்று சொல்லவில்லை. ஐம்பது வயதுப் பெண்ணின் கைக்குத் தெரிந்த தொழில் கொழுந்து கிள்ளுவது. ரெட்டியார்பட்டியிலே கொழுந்து ஏது? சித்தாள் வேலைக்குப் போகலாம். வீட்டு வேலைக்குப் போகலாம். கார்ப் பட்டத்திலே நடவுக்குப் போகலாம் என்றால், தாத்தா எந்த வரப்பிலிருந்து தப்பி ஓடினாரோ அதே வரப்புக்குப் பேத்தி திரும்ப வேண்டும். அரசு கேட்க வேண்டியது இன்னும் உண்டு: தொண்ணூற்றைந்து ஆண்டு இலாபத்திலே, மறுவாழ்வுக்குக் கம்பெனியின் பங்கு எவ்வளவு? ஓய்வுத் தொகையோடு அவர்கள் கடமை முடிந்துவிடுமா? தீபா மன்னன் அபராதம் விதித்துக் கெட்டான். இது மக்களாட்சி, கேட்டால் யாரும் படையெடுத்து வரமாட்டார்கள்.

கட்சித் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். மலையிலிருந்து இறங்கிய குடும்பங்கள் பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் விக்கிரமசிங்கபுரத்திலும் வாடகைக்கு அறை தேடி அலைந்தார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் நெல்லைச் சீமையிலே முதலிலே எதைக் கேட்பார்கள் என்பது தெரிந்ததே. உங்கள் தெருவிலே அப்படி ஒரு குடும்பம் இருந்தால் ரேஷன் அட்டை மாறிற்றா, பிள்ளைக்குப் பள்ளியிலே இடம் கிடைத்ததா, சேமநல நிதி வந்து சேர்ந்ததா என்று விசாரியுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள். கொழுந்துக் கூடையை மட்டும் அறிந்த கைகள் அவை. தாலுகா ஆபீஸ் மேசை அவற்றுக்குப் புதிது.

மணிமுத்தாறு அணையைத் தாண்டினால் வனத்துறையின் சோதனைச் சாவடி. மாஞ்சோலைக்குப் போக வேண்டுமானால் அங்கே பேர் எழுத வேண்டும், என்ன காரியம் என்று சொல்ல வேண்டும். மேலே லயன்களுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. மழையிலே புல் முளைத்து மூடிவிடும். ஆண்டுக்கொருமுறை கல்லறைத் திருநாளுக்கும், அமாவாசைக்கும் போய்ப் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். காரியம் என்ன என்று சாவடியிலே கேட்டால், அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். வெயில் சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும்.